எனக்கு மட்டும் வரும் வாடை

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் இட்லி இறங்கவில்லை. மோரைக் குடித்துவிட்டுக் கோல்டு ஸ்டோரேஜுக்கு வேலைக்குப் போனேன். பையை வைப்பதற்குள் முதலாளி சுருளிராஜன் கூப்பிட்டார்.

"ஏம்மா அபிதா, சேஃப்டிக்கு ஒன்னையத்தான் பொறுப்பாப் போட்டிருக்கேன். குளுமைக்கு அமோனியா ஓடுற எடத்துல ஒரு ஆளு இருக்கணுமாம். இங்கன கெமிஸ்ட்ரி படிச்சது நீ ஒருத்திதான்."

திராட்சைப் பெட்டிகளின் தரம் பார்க்கும் வேலையும் என்னிடமே இருக்கும். பொறுப்பென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "எதுவும் ஆகாமப் பாத்துக்க," என்றார்.

எதுவும் ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெளியே வந்து இரண்டாம் குளிர் அறை வாசலைக் கடக்கும்போது மூக்கில் சுருக்கென்று ஏறியது. அமோனியாவா? சுவரில் இருக்கும் சென்சார் பூஜ்யம் காட்டியது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கர்ணன் அண்ணன் வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே மேடம்."

அதற்குள் எனக்கும் அந்த வாடை போய்விட்டிருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மதுரையில் ஒரு நாள் பயிற்சி. ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தோன்றினால் போதுமா, தெரிய வேண்டுமா? கேட்க நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காலை மறுபடியும் அதே இடம், அதே வாடை. கண்ணும் லேசாக எரிந்தது.

கர்ணன் அண்ணன் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டு போனார். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும்பும். எழும்பவில்லை. "இத்தன வருசமா இதுக்குள்ளயே கெடக்கேன் மேடம். கசிஞ்சா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

பெட்டி அடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். "மாசமா இருக்கயில அப்படித்தான் மேடம். எனக்கெல்லாம் எம் மாமியா வந்தாலே வாடையடிக்கும்," என்றாள் ஒருத்தி. நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டில் கணவர் விஜய்ராஜிடம் சொன்னேன். "நேத்து சாம்பார்ல மண்ணெண்ணெய் வாடைன்ன. நம்ம வீட்டுல மண்ணெண்ணெய் ஏது அபி?" என்றார்.

உண்மைதான். சொன்னேன். அந்த வாடை எனக்கு வந்ததும் உண்மைதான்.

பிப்ரவரி 12, புதன்

இன்று வாடை இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் வாடை பலமாக வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே பெண்கள் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அபாய மணியை அடித்துவிட்டேன். எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். கோட்டயம் போகிற லாரி பாதி ஏற்றியபடி நின்றது. கர்ணன் அண்ணன் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். சென்சார் பூஜ்யம். கந்தகக் குச்சிக்கும் புகை இல்லை. வெயிலில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "ஏம்மா, ஒடம்பு சொகமில்லன்னா ரெண்டு நாள் வீட்ல இரு. புள்ளதான் முக்கியம்," என்றார். அவ்வளவு தன்மையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

எனக்கென்ன பைத்தியமா? வாடை வந்துச்சு. கண்ணு எரிஞ்சுச்சு. இல்லாத ஒண்ணுக்கா கண்ணுல தண்ணி வரும்?

வருமோ?

பிப்ரவரி 15, சனி

காலையில் வாசலில் லேசாக வந்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

உத்தமபாளையத்தில் டாக்டரைப் பார்த்தோம். குழந்தை நன்றாக இருக்கிறது. வாடையைப் பற்றிக் கேட்டேன். இந்த மாதங்களில் மூக்கு கூர்மையாகிவிடும் என்றார். "இருக்கறது கூடுதலாத் தெரியுமா, இல்லாததும் தெரியுமா டாக்டர்?"

"சிலருக்கு இல்லாததும் தெரியும். உங்களுக்கு எதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

வீட்டுக்கு வந்ததும் விஜய்ராஜ், "வேலைய விட்டுரு அபி," என்றார். நான் விட்டால் வாடை போய்விடுமா என்று கேட்டேன். "ஒனக்குப் போயிரும்ல," என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அவரோடு சேர்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருந்தது. சென்சார் பூஜ்யம் என்று காட்டுகிறது, சரி. அது வேறு ஏதாவது காட்டி யாராவது பார்த்திருக்கிறார்களா?

கூடப் படித்த ஒருத்தி பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளிடம் சின்னக் குப்பியில் அமோனியா கரைசல் வாங்கிவந்தேன். துணியில் நனைத்துச் சென்சாருக்குப் பக்கத்தில் பிடித்தேன். எனக்கு இருமல் வந்தது. பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.

கர்ணன் அண்ணனைக் கூப்பிட்டு மறுபடியும் செய்து காட்டினேன். அவர் முகம் மாறிப்போனது. முதலாளியிடம் இரண்டு பேரும் போனோம். "புதுசு ஆர்டர் போட்டுருவோம். சீசன் முடியட்டும்," என்றார்.

நான் ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. சென்சார் செத்துவிட்டது என்றால் கசிவு இருக்கிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. இல்லை என்றும் ஆகாது. இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்த ஒன்று கழன்றுவிட்டது, அவ்வளவுதான். மிச்சமிருப்பது கர்ணன் அண்ணன் மூக்கும் என் மூக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

மதியம் கை கழுவும் இடத்தில் மொக்கம்மாள் அக்கா வந்து பக்கத்தில் நின்றார். பெட்டி அடுக்கும் பெண்களில் மூத்தவர். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். இன்று, "ஆத்தா, ஒண்ணு சொல்லவா," என்றார்.

"எனக்கும் கண்ணு எரியுதுத்தா. இன்னும் ரெண்டு பேருக்கும் எரியுது. காலைல அந்த ரெண்டாம் ரூம்புல ஐஸ் உருக்குறாகள்ல, அப்ப மட்டும்."

"ஏன்க்கா அன்னைக்குச் சொல்லல? நான் அங்கன ஒத்தையா நின்னேன்ல?"

"படிச்ச ஒங்களையே பிள்ளை வாடைன்னுட்டாக. நாங்க சொன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்பாக."

அவரை அணைத்துக்கொள்வதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐஸ் உருக்கும்போது. இயந்திரத்தில் படிந்த பனியை உருக்கச் சூடான அமோனியா வாயுவை உள்ளே விடுவார்கள். அப்போது குழாயில் அழுத்தம் கூடும். முடிந்ததும் இறங்கிவிடும். கர்ணன் அண்ணன் குச்சியைக் கொளுத்திக்கொண்டு வரும்போதெல்லாம் உருக்குவது முடிந்திருந்தது. அப்படித்தானே? அப்படியென்றால் எனக்கு வந்ததெல்லாம் உண்மை. சாம்பாரில் வந்தது மட்டும் பொய்யா?

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் யாரையும் உள்ளே விடவில்லை. காற்று வருகிற பக்கம் கேட்டுக்கு வெளியே எல்லாரையும் நிறுத்திவிட்டு, ஆளில்லாமல் ஐஸ் உருக்கிப் பார்க்கலாம் என்று கர்ணன் அண்ணனிடம் சொன்னேன். முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார். எடுக்காததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"இன்னைக்கும் ஒண்ணுமில்லன்னா என்ன செய்வீக மேடம்?" என்று கேட்டார் கர்ணன் அண்ணன்.

"வேலைய விட்டுட்டுப் போயிர்றேன்ணே."

முகமூடி போட்டுக்கொண்டு குச்சியோடு இரண்டாம் அறை வாசலுக்குப் போனார். வாயுவைத் திறந்து கொஞ்ச நேரத்தில் குச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பியதாம். எனக்கு அது தெரியவில்லை. பெரிய சத்தம் மட்டும் கேட்டது. குழாய் இணைப்பு விட்டுப்போய் வாசல் வழியே பால் மாதிரி புகைமூட்டம் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்குள்ளிருந்து அவர் ஓடிவந்து விழுந்தார். முகமூடி கழன்றிருந்தது.

கண்ணைத் திறக்கச் சொல்லித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். மொக்கம்மாள் அக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அலறியது இன்னும் காதில் கேட்கிறது. கம்பம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. பெண்கள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஆனா அண்ணன உள்ள அனுப்புனது நான்தான? ஆள வெளிய நிறுத்தத் தெரிஞ்ச எனக்கு, மெஷினப் போட்டுப் பாக்காம மொத்தமா நிறுத்தச் சொல்லத் தெரியலையே. சொன்னா நம்பியிருப்பாகளா? ஒண்ணும் புரியல.

பிப்ரவரி 27, வியாழன்

திண்டுக்கல்லிலிருந்து தொழிலகப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். பெண்தான். அவர் வருவதற்கு முன் முதலாளி என்னிடம், "திடீர்னு ஆச்சுன்னு சொல்லும்மா. ஒனக்கும் அதுதான் நல்லது," என்றார். எனக்கும் நல்லது என்றது ஏன் என்று அப்போது புரியவில்லை.

அலுவலரிடம் முதல் நாள் வாடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். செத்த சென்சாரையும், சீசன் முடியட்டும் என்றதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பதினாலாம் தேதி எல்லாரையும் வெளியேத்தின நீங்க, பதினஞ்சாம் தேதி ஏன் உள்ள விட்டீங்க?" என்றார்.

வெட்கமாக இருந்தது என்று சொல்ல முடியுமா? அதையேதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என்ன அர்த்தமோ.

முதலாளியிடம், "ஒருத்தரைப் பொறுப்பாப் போட்டுட்டா உங்க பொறுப்பு போயிடாது. சட்டம் உங்களைத்தான் கேக்கும்," என்றார். பழுது பார்த்துப் புதுச் சென்சார் மாட்டும்வரை மூடச் சொல்லிவிட்டார். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம், அடித்தவரைக் குறை சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் அவரைத்தான் கேட்கும். பதினஞ்சாம் தேதியை என்னிடம் யார் கேட்பது?

மார்ச் 10, திங்கள்

கோல்டு ஸ்டோரேஜ் மூடிக் கிடக்கிறது. பெண்களில் பாதிப் பேர் விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். கடைவீதியில் ஒருத்தி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் காப்பாற்றி அங்கே ஏற்றிவிட்டேனா?

மார்ச் 21, வெள்ளி

கர்ணன் அண்ணனைப் பார்க்கப் போனோம். இடது கண் இன்னும் மங்கல். தெளிந்துவிடும் என்றார்களாம். அவரே சொன்னார்: "எனக்கு நெசமாவே வாடை தெரியல மேடம். மறைக்கல. அதுக்குள்ளயே இருந்து இருந்து மூக்கு மரத்துப்போச்சு போல."

"தெரியும்ணே," என்றேன். அதுவரை தெரியாது. அவர் சொன்னபோதுதான் தெரிந்தது.

விஜய்ராஜ் வண்டியில் வரும்போது, "நானும் ஒன்னைய நம்பல," என்றார். இன்று இரவு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஜூலை 17, வியாழன்

ஜெயமங்கலம், அம்மா வீடு. வளைகாப்பு முடிந்து வந்ததிலிருந்து கால் வீக்கம். எழுதவே தோன்றவில்லை.

மே மாதம் மறுபடி திறந்துவிட்டார்கள். கர்ணன் அண்ணனும் வேலைக்குப் போகிறார். லீவு முடிந்து வருவேனா என்று முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். வருவேனா? நான் இல்லாமலே நன்றாகத்தான் நடக்கிறது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம் வேறு மாதிரி.

இன்று சாயங்காலம் மொக்கம்மாள் அக்கா போன் செய்தார். காலையில் அவர்தான் மணி அடித்தாராம். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். லாரி டிரைவர்கூட வந்துவிட்டாராம். முதலாளியும் கேட்டுக்கு வெளியே நின்று டீ வாங்கிக் குடித்தாராம். கர்ணன் அண்ணன் மூலை மூலையாகப் பார்த்துவிட்டு வந்தாராம். கக்கூஸ் கழுவ யாரோ புது மருந்து வாங்கி ஊற்றியிருக்கிறார்கள், அந்த வாடை. வேறு ஒன்றும் இல்லை.

"யாராச்சும் எதுவும் சொன்னாகளாக்கா?"

"என்னத்தச் சொல்ல? பாத்தாச்சு, ஒண்ணுமில்ல, உள்ள போய்ட்டோம்," என்றார்.