காதில் இரண்டு சொட்டு

நாள் 211, காலை 7:10
செவ்வாய், கிழக்குச் சரிவு நிலையம். பதிவு செய்பவன் மருதமுத்து, நீர்ப் பொறியாளர். தூசி வடிகட்டி மாற்றினேன். தொட்டி சரி. சர்க்கரை அதிகம், ஊசி போட்டாயிற்று. வலது காது ஒழுகுகிறது. மற்றவர்கள் பூமிக்குக் கிளம்பிவிட்டார்கள், கண்டிக்க ஆளில்லை என்று குச்சியால் குடைந்ததன் பலன்.

நாள் 219, மாலை 6:30
வலி தூங்க விடவில்லை. மனைவி பொன்மலரின் செய்தி: "ஏங்க, தலைக்குத் தேய்க்கக் கொண்டுபோன நல்லெண்ணெய் இருக்குல்ல? வெதுவெதுன்னு ரெண்டு சொட்டு விட்டுப் பஞ்சு வைங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, வைவாங்க."
விட்டேன். இதமாக இருந்தது. தினமும் விடப்போகிறேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

நாள் 226, பகல் 1:15
வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. கஞ்சி வழிவது சட்டையைப் பார்த்தால்தான் தெரிகிறது. சர்க்கரையால் விரல்கள் எப்போதோ மரத்துவிட்டன. இப்போது வலது கன்னமும். பயம் வர வேண்டும், வரவில்லை.
பூமியிலிருந்து டாக்டர் ஹம்சவேணி: "மருதமுத்து, இது வெறும் காதுவலி இல்ல. கிருமி எலும்புக்குள்ள இறங்கிடுச்சு. மருந்தோட அழுத்த அறையில ஆக்சிஜனும் எடுக்கணும். இல்லன்னா மூளைக்குப் போயிடும். எப்படித் தயாராகணும்னு நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் உள்ள போயிடாதீங்க."

நாள் 227, காலை 9:00
வலது கண் மூட மறுக்கிறது. இனியும் காத்திருப்பதா? இயந்திரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அழுத்த அறை என்கிற இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் படுத்துக் கதவைப் பூட்டியாயிற்று. சுற்றிலும் ஆக்சிஜன். பொழுது போக, இந்தக் குரல்பதிவுக் கருவி கையில்.

காலை 9:40
வெளியே ஒலிபெருக்கி. டாக்டரின் குரல் இடது காதில் கேட்டது: "முக்கியமான விஷயம். தலையிலயோ காதுலயோ எண்ணெய் இருந்தா சுத்தமாக் கழுவிட்டுத்தான் உள்ள போகணும். பேட்டரி போட்ட எதையும் கொண்டுபோகாதீங்க. அந்த ஆக்சிஜன்ல சின்னப் பொறி போதும்."

9:43
அழுத்தம் இறங்கும்வரை கதவு திறக்காது. இன்னும் ஒரு மணி நேரம். பஞ்சை எடுத்தேன். எண்ணெய் ஊறியிருந்தது. எங்கே போடுவது? விழுங்கிவிட்டேன். காதுக்குள் இருப்பதை என்ன செய்ய? கருவியை அணைக்கலாம். அணைக்கும்போது பொறி வந்தால்? வேண்டாம்.
பொன்மலர், உன்மேல் தப்பில்லை. சொல்லாமல் விட்டவன் நான்.

9:51
கருவியில் சிவப்பு விளக்கு. சூடானால் எரிவது. தடவிப் பார்க்கிறேன். சுடுகிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. வலது கன்னத்தில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடது கன்னத்தில்