பதினாலாம் பக்கம்

மார்ச் 3, திங்கள்

அடுத்த மாதம் அம்மாவுக்கு அறுபது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் போர்வை மடித்தவளுக்குப் பென்ஷன் ஆபீஸ் நாற்பது பக்கப் புத்தகம் அனுப்பியிருக்கிறது. அண்ணன் முதல் பக்கத்தைப் பார்த்து மூடினான். "அறுபதுலயே குடுக்கறாங்கல்ல, வாங்கிக்கம்மா. நாளைக்கு யாரு கண்டா?"

அறுபதில் வாங்க ஆரம்பித்தால் ஆயுளுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அறுபத்தைந்தில் முழுசு. பதினோராம் பக்கம். சொன்னேன்.

"வந்துட்டா மேதாவி!"

அவன் கண் எதில் என்று தெரியாதா? கடை வாடகைக்கு மாதாமாதம் ஒரு கை வேண்டும். தூ.

மார்ச் 6

குழந்தைகள் காப்பகத்தில் இடமில்லை. என் ஏழு மாத மகள் வரிசையில் அறுபத்து நாலாவது ஆளாம். என் லீவு ஆறு வாரத்தில் முடிகிறது. "ஏதாவது வழி பிறக்கும்" என்கிறார் இவர். தானாகவே பிறந்துவிடும்! பெற்றவளிடம் சொல்கிறார்.

மார்ச் 9

அம்மா அறுபதிலேயே வேலையை விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள் — நினைத்துவிட்டேன். அண்ணனைத் திட்டிய அதே நான். அவனுக்கு வாடகை, எனக்கு ஆயா. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

மார்ச் 12

அம்மாவோடு பென்ஷன் ஆபீஸ். ஆடுகிற நாற்காலியில் இரண்டு மணி நேரம். கவுண்டரில் இருந்தவள் கம்ப்யூட்டரோடுதான் பேசினாள். நான் அட்டவணையே போட்டுப் போயிருந்தேன்: வேலையை விட்டால் அறுபது, விடாவிட்டால் அறுபத்தைந்து. நடுவில் ஒரு கோடு.

அம்மா குனிந்து கேட்டாள். "ஏம்மா, வேலைய இப்ப விட்டுட்டு, பென்ஷன மட்டும் அறுபத்தஞ்சுல கேக்கலாமா?"

கவுண்டர்காரி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "தாராளமா. முப்பது வருஷம் முடிஞ்சிருச்சே. வேலைய விடறது வேற, பென்ஷன் கேக்கறது வேற. பதினாலாம் பக்கம் பாருங்க."

நான் பதினோராம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். அண்ணனைவிடப் பத்துப் பக்கம் பெரிய மேதாவி!

வெளியே வந்ததும் அம்மா, "அஞ்சு வருஷம் நான் எதச் சாப்பிடுவேன்னு கேக்க மாட்டியாடி?"

அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன்.

"காப்பகத்துக்குக் குடுக்கறதா இருந்தத எனக்குக் குடு. உன் பொண்ண நான் பாத்துக்கறேன்."

"பெத்த பொண்ணுகிட்ட சம்பளமா?"

"போர்வை மடிச்சதுக்கே குடுத்தாங்க. உன் பொண்ணு மடங்கக்கூட மாட்டா."

மார்ச் 15

அண்ணன் போனில் கத்தினான். "அம்மாவ வேலைக்காரி ஆக்கிட்டியே!" அவன் சும்மா வாங்கினால் பாசம், நான் சம்பளம் கொடுத்தால் பாவம். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். சாயங்காலம் பஸ் வரவில்லை. ஓடி வந்தால், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். குழந்தை தூங்கிவிட்டது.

ஒரு தாளை நீட்டினாள். பால், தூக்கம், மாற்றிய துணி — எல்லாம் மணி போட்டு. சலவைக் கூடத்தில் ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்து வாங்காமல் போக மாட்டார்களாம்.

போட்டேன். அவள் போன பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தேன்.

'குழந்தையின் தாய் இருபது நிமிடம் தாமதம்.'