பெரிய தெருவில் நான் அடித்த பலகை

என் அருமை மாப்ள தேவராஜுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை உன் நினைவாக, உன் பெயரில் பந்தயம் நடத்தினோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் பிளெக்ஸ். சேரன்மகாதேவி சாலையில் மூன்று இடத்தில் உன் படம். முகத்தை வெளுத்து, உதட்டைச் சிவப்பாக்கி வைத்திருந்தார்கள். உன் மகள் ஜெனியே "இது யாரு மாமா?" என்று கேட்டாள். நீயாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடத்துவது சைக்ளோகிராஸ். அறுத்த வயலிலும் வாய்க்கால் கரையிலும் சேற்றில் ஓட்டும் சைக்கிள் பந்தயம். வழியில் முழங்கால் உயரத்துக்குப் பலகைகள் நிற்கும். ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்து, அதைத் தோளில் போட்டுத் தாண்டி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். நீ பலகைக்கு இரண்டடி முன்னால் வலது காலைப் பின்பக்கம் சுழற்றி, வேகம் குறையாமல் இறங்குவாய். நான் ஒவ்வொரு முறையும் முழங்காலைப் பெயர்த்துக்கொள்வேன்.

"ஓட்டத் தெரிஞ்சவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான்லே. இறங்கத் தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான்" என்பாய்.

அந்தப் பலகைமேல் உனக்கு ஏன் அத்தனை ஆசை என்று ஒருநாள் சேறு கழுவும்போது கேட்டேன். "எங்கப்பா பெரிய தெருவுல ஒருநாளும் சைக்கிள்ல உக்காந்து போனதில்லலே. தெருமுனையில இறங்கணும், உருட்டிக்கிட்டுப் போவணும், அந்தக் கோடியிலதான் ஏறணும். எங்க சாதிக்கு அதான் சட்டம். இங்கன பாரு, எவன் மவனா இருந்தாலும் பலகை வந்தா இறங்குதான்." சொல்லிவிட்டு நீ செயினைத் துடைக்கப் போய்விட்டாய். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மூன்று வருடமாகத் தெருக்காரர்கள் பந்தயத்தை உள்ளே விடவில்லை, ஊரைச் சுற்றித்தான் போனோம். இந்த முறை பந்தயக் குழுத் தலைவர், அதே தெருக்கார அண்ணாச்சியே வந்து, "பெரிய தெரு வழியா விடுவோம் வே" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். "பிள்ளையள் குறுக்க ஓடும் பாத்துக்கிடும். ரெண்டு முனையிலயும் பலகை வையும். நடுவுல ஒருத்தரும் ஏறக் கூடாது, தூக்கிக்கிட்டே ஓடட்டும். பாக்கவும் நல்லா இருக்கும்லா."

பாதை அமைப்பவன் நான். பலகையை இழைத்து, வெள்ளையடித்து, நானே ஆணி அடித்தேன். என்னை அந்தத் தெருவில் ஒருவரும் இறங்கச் சொன்னதில்லை. "வாங்க பாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால்தான் எனக்கு உறைக்கவில்லையா? நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடவா ஞாபகம் வராது?

ஜெனி உன் சைக்கிளைத்தான் ஓட்டினாள். முதல் சுற்றில் பெரிய தெருவுக்கு முதல் ஆளாக வந்தாள். உன்னைப் போலவே காலைச் சுழற்றி இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பரவாயில்லையே, தேவராசு மவளும் இறங்கித்தான் போறா." இருவரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மாப்ள. இன்று யாரும் வாய்விட்டு இறங்கச் சொல்வதில்லை, உங்கள் ஆட்கள் சுற்றியே போய்விடுகிறார்கள். அந்தப் பழைய சட்டத்தை நான் வெள்ளையடித்துத் திரும்ப நட்டுவைத்திருக்கிறேன்.

அடுத்து வந்தவன் தலைவரின் தம்பி மகன். பலகையைச் சைக்கிளோடு துள்ளித் தாண்டினான். அது விதிப்படி சரிதான். ஆனால் அதன்பின் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன், இறங்காமல் தெரு முழுக்க மிதித்துக்கொண்டே போனான். வாசலுக்கு வாசல் கைதட்டல். விதியை மீறினால் ஊத வேண்டிய விசில் என் வாயில் இருந்தது. தலைவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் தெருவுல அவன் ஓட்டுதான். அதுல என்ன வே?" என்றார்.

நான் ஊதவில்லை. மூன்று சுற்றும் ஊதவில்லை. ஜெனி இரண்டாவதாக வந்தாள். உன் படம் போட்ட கோப்பையை அவன் வாங்கும்போது மேடையில் நின்று நானும் கைதட்டினேன். அவர்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தால் அதைவிட.

ஜெனி குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தப் பலகை நீங்க வச்சதா மாமா?"

"ஆமா."

"சரி" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுநாள் பட்டப்பகலில் போய் பலகைகளைப் பிடுங்கிப் போட்டேன். நேற்று உன் வீட்டுக்குப் போனபோது ஜெனி சொன்னாள்: "வார ஞாயித்துக்கெழம கோயில்ல ஆராதனை முடிஞ்சு பெரிய தெரு வழியாத்தான் சைக்கிள்ல வரப்போறேன். இறங்க மாட்டேன்."

நான் முன்னால் போகிறேன் என்றேன்.

"நீங்க முன்னால போகாதீய மாமா. ஒங்கள ஒருத்தரும் மறிக்கப்போறதில்ல. பின்னால வாங்க."

பின்னால்தான் போவேன், மாப்ள. விசில் கழுத்தில் கிடக்கும். எவனாவது அவளை இறங்கச் சொல்லி வாயைத் திறந்தால், தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கிற மாதிரி ஊதுவேன். சத்தியமாக ஊதுவேன்.

மூன்று சுற்றும் ஊதாமல் நின்ற
உன் மச்சான்,
மைதீன்