பாட்டுக்குள் என் பெயர்

மார்ச் 4

“அவர் என் அப்பா” என்று இன்று நான் சொல்லவில்லை.

ஆசிரியர் அறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய ரும்பாப் பாட்டு. கிதார் வேகம் பிடிக்கும் இடத்தில் வழக்கம்போல் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார் — மரக்கடைக்காரர், சுங்க அதிகாரி, யாரோ ஒரு கர்னல். காசு கொடுத்தவர்களைப் பாட்டுக்குள் கூப்பிடாத பாடகர் கின்ஷாசாவில் யார்? ஆனால் சக ஆசிரியன் ஒலிவியே சிரித்தான்.

“இந்த மயேலே கிழவன் இருக்கானே, காசு குடுத்தா உங்க வீட்டு ஆட்டையும் கூப்பிடுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சும்மாவாவது இருந்திருக்கலாம்.

மார்ச் 9

அப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. மரவள்ளிக் கீரை, மீன். அவருக்கு இருமல் கூடியிருக்கிறது. கிதார்காரர் பேபே மாமாவும் வந்திருந்தார். புதுப் பாட்டு தயாராம்; இதுவே கடைசி என்கிறார் அப்பா.

“லுசோலோ, இதுல உன் பேரைக் கூப்பிடப் போறேம்மா.”

“ஊரான் பேரையெல்லாம் கூப்பிட்டாச்சு,” என்றார் மாமா. “ஒரு தடவையாவது மனுஷன் ஓசியில கூப்பிடட்டும்.”

“வேண்டாம்ப்பா. காலேஜ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

“என்ன தெரிஞ்சிடும்?”

நான் மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். “முள்ளு பாத்துச் சாப்பிடு,” என்றார் அப்பா.

மார்ச் 10

என் அலமாரியில் இருக்கும் இத்தனை புத்தகங்களும் எந்தக் காசில் வந்தன? அந்தக் கர்னலின் பெயரும் இதில் எங்கோ இருக்கிறது. தெரிந்துதானே படித்தேன்? படித்துப் படித்து இதற்குத்தானா வந்து சேர்ந்தேன் —

போன் செய்து “கூப்பிடுங்கப்பா” என்றால் போதும்.

மார்ச் 15

செய்யவில்லை.

மார்ச் 22

செய்தேன். மாமாதான் எடுத்தார்.

“நேத்தே பதிவு முடிஞ்சிடுச்சேம்மா. மெட்டுல அந்த இடம் காலியாக் கெடக்கக் கூடாதில்ல? சிமெண்ட் வியாபாரி முகெண்டி இருக்காரே, அவர் பேரைப் போட்டுட்டோம்.”

“அப்பா ஏதாவது சொன்னாரா மாமா?”

“என்ன சொல்லுவாரு. பாடினாரு.”

ஏப்ரல் 30

பாட்டு எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. பியர்க் கடைகளில், வாடகைக் கார்களில், என் ஜன்னலுக்குக் கீழே. மற்ற பெயர்களை அப்பா எப்போதும் கத்தித்தான் கூப்பிடுவார். முகெண்டி பெயரை மட்டும் மெல்ல, இரண்டு முறை, நடுவில் மூச்சு விட்டுக் கூப்பிடுகிறார்.

ஒலிவியே மேசையில் தாளம் போட்டான். “கிழவன் குரல்ல இன்னும் என்னவோ இருக்குப்பா. சிமெண்டுக்காரனைப் போய்ப் பெத்த புள்ளையைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறான் பாரு.”

எழுந்து வெளியே போய்விட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஜூன் 17

வியாழக்கிழமை அப்பாவை அடக்கம் செய்தோம். மத்தோங்கே பகுதியிலிருந்து கல்லறை வரை கூட்டம் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தது. பெயர் கூப்பிடும் இடம் வந்ததும் எல்லோரும் கையைத் தூக்கி முகெண்டியை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.