கெட்டுப்போகாத கறி

ஃபால்புரூக்,
செவ்வாய்

அன்பு இட்செல்,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், மினசோட்டாக் குளிரில் உன் காதும் மூக்கும் சௌக்கியமா என்று எழுது. வளைத்துப் பேச எனக்கு வராது, சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா கர்ப்பமாக இருக்கிறாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று நீ நினைப்பாயோ என்றுதான் அவளுக்குப் பயம். போனை எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். உனக்குத் தெரியுமுன் வேறு யார் காதுக்கும் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை, பின்வாசலில் சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நம் வீட்டில் சாப்பாடு. அம்மாவுக்குக் கறி வாசனை ஆகவில்லை, குட்டி பர்கர் வேலை முழுக்க என் தலையில். நம் மரத்து அவகாடோவை வியாழனே பறித்து ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டு வைத்திருந்தேன், வந்தவர்களெல்லாம் பழுத்ததா என்று ஆளுக்கொரு அமுக்கு அமுக்கியதில் பாதி கன்றிப்போனது. நீ தோழிகளுக்குச் செய்தால், வட்டமாகத் தட்டிய கொத்துக்கறியின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போடு, இல்லாவிட்டால் உப்பிப் பந்தாகிவிடும். அவகாடோவைக் கடைசியில் வெட்டி, எலுமிச்சை பிழிந்து, ஒன்றிரண்டாக மசித்துப் பன்னில் பூசு. துண்டாக வைத்தால் வழுக்கி மடியில்தான் விழும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சொக்கோரோ பெரியம்மா ஒரு பர்கரை அம்மாவின் வாயில் திணித்தாள். அம்மா குளியலறைக்கு ஓடினாள். பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “என்னடி கிராசியேலா, இந்த ஓட்டத்தப் பாத்தா ஏதோ விசேஷம் மாதிரில்ல இருக்கு” என்று ஆரம்பித்துவிட்டாள். அத்தனை தலையும் திரும்பியது. அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உனக்குப் போன் வந்துவிடும். நான் யோசிக்கவே இல்லை, “யாரும் சாப்பிடாதீங்க, கறி கெட்டுப்போச்சு!” என்று கத்தினேன்.

கறி கெடவில்லை. காலையில் வாங்கியது, தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துப் பார்த்து வாட்டியது. அவ்வளவையும் என் கையாலேயே குப்பையில் கொட்டினேன். ரமீரோ பெரியப்பா மட்டும் தன் தட்டைக் கொடுக்காமல், “ஏன் சகல, ஊருக்கெல்லாம் குளிர் ரூம் ரிப்பேர் பண்ற, உன் வீட்டு ஃபிரிட்ஜ நான் வந்து பாக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே தின்றார். சேதி பரவி, நான் வேலை பார்க்கும் பழக் கிடங்கிலும் இப்போது என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்கட்டும்.

எல்லோரும் போனதும் அம்மா அந்தப் புதுத் தளத்தில் உட்கார்ந்து, மிச்ச அவகாடோவை உப்புத் தொட்டுத் தின்றபடி சிரித்தாள், பிறகு அழுதாள். “எம் மக என்ன சொல்லப்போறாளோ” என்றாள். அதை உன்னிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தொட்டில் எங்கள் அறையில்தான். டேப் வைத்து அளந்துவிட்டேன், அலமாரியை நகர்த்தினால் இடம் இருக்கிறது. உன் அறையை யாரும் தொடமாட்டோம். எனக்கும் உனக்கும் பதிமூன்று வயதுதான் வித்தியாசம், நீ என்னை அப்பா என்று கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் பிறக்கப்போவதற்கு நீ அக்கா, அப்பா வேறு என்பதால் பாதி அக்கா, முழு அக்கா என்றெல்லாம் கிடையாது.

குவாதலூப்பே மாதா உன்னைக் காக்கட்டும். கழுத்தை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. கோபமாக இருந்தாலும் சரி, அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு. மற்றவர்களுக்கு எப்போது சொல்லலாம் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதுவரை நம் வீட்டில் கறி கெட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

உன்,
எஃப்ராயின்