தலை ஆடாத பத்து விநாடி

ஓகஸ்ட் 12, செவ்வாய்

குமார் அங்கிள் கராஜில் வளர்க்கும் பாம்புகளை விற்பதற்கு வீடியோ எடுப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, யாரோடும் பேசத் தேவையில்லாத இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இன்று பிடிக்கவில்லை.

மஞ்சள் மலைப்பாம்புக் குட்டிக்குத் தலை நிற்காமல் ஆடுகிறது. எலியைக் கவ்வப் போனால் வாய் கண்ணாடியில் முட்டுகிறது. அந்த மஞ்சள் நிறத்துக்காகவே தாய் தகப்பனைச் சோடி சேர்த்ததில், பிறவியிலேயே வந்த நோய் அது. மருந்து இல்லை. அங்கிளுக்கும் தெரியும்.

"ஆடாத நேரம் பாத்து எடு பிள்ளை. உனக்குத்தானே பொறுமை கூட," என்று போன கிழமை சொன்னார்.

இருபத்திரண்டாவது முறை எடுத்தபோது தலை பத்து விநாடி அசையாமல் நின்றது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று பக்கத்து ஊரான கிரவீனிலிருந்து ஒரு அன்ரி மகளோடு வந்து அதை வாங்கினார். பெட்டிக்குள் பார்த்த சிறுமி, "அம்மா, இது டான்ஸ் ஆடுது," என்றாள்.

"வீடியோவில ஆடேல்லையே?" அன்ரி என்னைத்தான் கேட்டார்.

அங்கிள் முந்திக்கொண்டார். "புது ஆக்களைக் கண்டா அப்பிடித்தான். என்ன பிள்ளை?"

"ஓம்," என்றேன். அவர்கள் முன் நான் சொன்ன ஒரே சொல் அது.

மற்ற இருபத்தொரு வீடியோவும் என் போனில் இருக்கின்றன. அன்ரியின் நம்பரும் இருக்கிறது. அனுப்பினால் வேலை போய்விடும். எலியை இடுக்கியால் வாயருகே பிடித்தால்தான் குட்டி தின்னும் என்பதையாவது சொல்லவேண்டும். எழுதுவதற்கு வாய் தேவையில்லை. ஆனாலும் மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்.