லெவல் மூன்று பெட்டிக்குள் இருப்பது

அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவிடம்கூட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை, உன்மேல் அவ்வளவு கோபம். நானும் இங்கே நலமாக இல்லை. போனில் நலம் என்று சொன்னதெல்லாம் சித்தி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால்தான்.

வீட்டு விஷயம் என்றால் ஒன்றுதான். பள்ளி விட்டு வந்து பையை இறக்குவதற்குள் முன்னறைக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கே கால் வைக்க இடமில்லாமல் மாஸ்க் மூட்டை. எல்லாம் உங்கள் ஆஸ்பத்திரியில் நீ சொல்லி சித்தப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த ஆர்டர். நீங்கள் கேட்டது ஆபரேஷன் தியேட்டருக்கான லெவல் மூன்று. வந்து இறங்கிய மூட்டைகளில் லெவல் ஒன்று என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பிரித்து லெவல் மூன்று பெட்டிகளில் அடுக்குவது என் வேலை, பிரித்த உறைகளைப் பின்பக்கம் கொளுத்துவது சித்தி வேலை. இது தப்பில்லையா என்று கேட்டதற்கு, "எல்லாத்துலயும் மூணு அடுக்குதான்டி இருக்கு. ஒண்ணாம் நம்பர் சரக்குன்னா ஊரே ஒசத்தின்னுதானே சொல்லுது" என்று சித்தப்பா சிரித்தார். "மாஸ்க் எதுக்கு? வாயை மூடத்தானே? மொதல்ல நீ மூடு" என்றாள் சித்தி. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டும் வெளியே நீலம், உள்ளே வெள்ளை. போன தடவை மிஞ்சிய நிஜ லெவல் மூன்று ஒன்று அலமாரியில் கிடந்தது. குளியலறைக் கொடியில் இரண்டையும் மாட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் சிவப்பு மையை நிரப்பி வேகமாகப் பீய்ச்சினேன். லெவல் மூன்றில் மை வழிந்து கீழே போய்விட்டது. மற்றதில், வாய் படுகிற பக்கம் சிவந்துவிட்டது. அப்புறம்தான் பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தேன். அந்த எண் அடுக்கின் கணக்கு இல்லை அம்மா, எவ்வளவு வேகமான தெறிப்பைத் தாங்கும் என்கிற கணக்கு. எதுவும் தெறிக்காத இடத்துக்கு ஒன்று, கொஞ்சமாகத் தெறிக்கிற இடத்துக்கு இரண்டு, ரத்தம் பீய்ச்சி அடிக்கிற இடத்துக்கு மூன்று. அந்த இடத்தில் டாக்டருக்குப் பக்கத்தில் கத்தி, கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பது நீதானே.

இதற்கு வழி காட்டியதும் நீதான். "எங்க ஸ்டோர்காரர் ஒண்ணை வெட்டி அடுக்கை எண்ணுவார், மூணு இருந்தா கையெழுத்துப் போட்டுடுவார்" என்று போனில் பெருமையாகச் சொன்னாய். நீ வைத்ததும் சித்தப்பா தொடையைத் தட்டி, "அண்ணி வாயில சர்க்கரையைத்தான் போடணும்" என்றார். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக்கூட அடுக்கும் லெவலும் வேறு என்று தெரியாதா? சொந்தக்காரர்கள் என்றால் உனக்குக் கண்ணே தெரியாது. என்னையும் அப்படித்தானே இவர்களிடம் விட்டுவிட்டுப் போனாய். திங்கட்கிழமை லாரி கிளம்புகிறது. யாருக்காவது ஏதாவது ஆனால் உன் பெயர்தான் கெடும், சித்தப்பா கையை விரித்துவிடுவார். நீ திருப்பி அனுப்பினால் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே ஒரு வார்த்தை போனால் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருக்கிறார், சும்மா சொல்கிற ஆள் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீ என்மேல் பாவம் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டால் உன்னோடு நான் பேசவே மாட்டேன். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, முடியாவிட்டால் பரவாயில்லை, ரோட்டிலேயே நிற்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்

கதவைத் தட்டுகிறார்கள். சித்தி. விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்கிறாள். இப்போது சித்தப்பா குரலும் கேட்கிறது. அம்மா, ஒரு பெட்டியைக்கூட இறக்க விடாதே, எனக்கு என்ன ஆகுமோ என்று யோசித்து